அந்த அம்மாவுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தேன்

தினேஷ்,

நேற்று போனில் உன்னிடம் சொன்னதில் பாதிதான் உண்மை. "பத்திரிகை வச்சுட்டேன்டா, சந்தோஷமா வாங்கிக்கினாங்க, உன்ன ரொம்ப விசாரிச்சாங்க" என்று சொன்னேன். ஜெயந்தியம்மாவுக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைத்தது உண்மை, அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டதும் உண்மை. விசாரித்தார் என்பது மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டது. நீ அந்தப் பக்கம் "அப்படியாம்மா? வேற என்னா சொன்னாங்க?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாய். அந்தக் குரலைக் கேட்டதும், பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. இன்று காலை என் மருமகளாக வரப்போகிற நந்தினி கூப்பிட்டாள். அவள் பேசி முடித்ததும், நடந்ததை நடந்தபடி உனக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டால், இதையெல்லாம் பேச நமக்கு எங்கே நேரம் கிடைக்கப்போகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஜெயந்தியம்மா மீது பொறாமை. இன்று நேற்று வந்தது இல்லை, நீ காலேஜில் படித்த காலத்திலிருந்தே இருக்கிறது. என் தங்கச்சி மாடி வீடு கட்டினாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, போய்ப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தேன். நம் நர்சரிக்கு எதிரிலேயே இன்னொரு நர்சரி வந்தது, அப்போதுகூட இரண்டு நாள் முணுமுணுத்ததோடு சரி. ஆனால் உன் வாயில் இன்னொருத்தரை "அம்மா" என்று கேட்ட அன்றைக்கு என் வயிற்றில் விழுந்த கங்கு இன்னும் அணையவில்லை. உனக்கு இது தெரிந்திருக்காது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த இன்டர்ன்ஷிப் எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆசைப்பட்டது கம்ப்யூட்டர், கிடைத்தது பாட்டனி. ரெண்டாம் வருஷம் முடிந்த லீவில் எல்லாரும் எங்கேயாவது போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று காலேஜில் சொன்னார்கள். நான் நமக்கு உரம் போடுகிற கடைக்காரரிடம் பேசி, ஏசி ரூமில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு மரம் வளர்க்கிற அந்த ஜெயந்தியம்மாவின் குழுவுக்குத்தான் போவேன் என்றாய். மொட்டையாகக் கிடக்கிற சரிவில் நம் ஊர் மரங்களை நடுவது, மழையில் மண் அடித்துக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி வரப்புப் போடுவது, கோடையில் தண்ணீர் சுமப்பது, காய்ந்த புல்லை வழித்துத் தீ பரவாமல் பாதை வெட்டுவது. இதுதான் வேலை. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடு என்று நான் நாலு தடவை கூப்பிட்டாலும் போனை விட்டு எழுந்திருக்காத பையன், எனக்கு முன்னால் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். சாயங்காலம் கை முழுக்க முள் கீறலோடு வருவாய். மருந்து போட வந்தால், "இருக்கட்டும்மா, இதெல்லாம் ஒன்னும் இல்ல" என்று கையை இழுத்துக்கொள்வாய்.

அப்படி ஒரு நாள் சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "வேப்பங்கொட்டைய எடுத்து வெச்சு அப்புறம் போடக் கூடாது. விழுந்த சூட்டோட போட்டுடணும். அம்மா சொன்னாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்றைக்கோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறானே என்று. "நான் எப்படா சொன்னேன்?" என்றேன்.

"நீ இல்லம்மா. அங்க இருக்கிற அம்மா."

உன் அப்பா அன்றைக்குக் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் நடை ஓட்டிவிட்டு வந்து உன் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உனக்கு ரசம் ஊற்றினேன். அது தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. "என்னாம்மா" என்று நீ தட்டை நகர்த்திக்கொண்டாய்.

அதற்கப்புறம் நம் வீட்டில் தினமும் அம்மா சொன்னாங்க, அம்மா சொன்னாங்கதான். ஒரு நாள் நர்சரி நடுவில் நின்று, புதிதாக இறக்கிய செடிகளைப் பார்த்துவிட்டு, "குரோட்டன்ஸ், காகிதப்பூ, இதெல்லாம் நம்ம மண்ணு செடியே இல்லம்மா. ஒரு பூச்சிகூட வந்து ஒக்காராது" என்றாய். "பூச்சி வரக் கூடாதுன்னுதான்டா ஜனங்க காசு குடுத்து வாங்கினு போறாங்க" என்றேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ உள்ளே போன பிறகு அந்தக் குரோட்டன்ஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை.

பொறாமை வந்தால் மனுஷி என்னவெல்லாம் செய்வாள் என்று கேள். உனக்குச் சொல்லாமல் நானும் விதை பொறுக்கினேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் நிற்கிற புங்கமரம், கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மகிழமரம், உன் மாமா ஊர் ஏரிக்கரையில் இலுப்பை, நாவல். எல்லாவற்றையும் பையில் போட்டு முளைக்க வைத்து, ரோட்டைப் பார்த்த முதல் வரிசையில் அடுக்கினேன். காகிதப்பூவைப் பின்னால் தள்ளிவிட்டேன். வேங்கிக்காலில் புது வீடு கட்டிய ஒரு சார் வந்து இலுப்பைக் கன்றைப் பார்த்துவிட்டு, "இது எப்பம்மா பூக்கும்?" என்று கேட்டார். "அதுக்கு வருஷம் ஆகுங்க, ஆனா உங்க பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்" என்றேன். "எனக்கு கிரகப்பிரவேசத்துக்குள்ள பூக்கிற மாதிரி ஏதாச்சும் குடுங்க" என்றார். அந்த வரிசை அப்படியே கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. நீதான் ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாய். "அட, அங்க இருக்கிற மாதிரியே இருக்கும்மா!" என்றாய். மனசாரப் பாராட்டித்தான் சொன்னாய். எனக்கோ அந்தக் கன்றுகளை எல்லாம் அள்ளி ரோட்டில் வீச வேண்டும்போல் இருந்தது.

அந்தக் கோடையில்தான் மலையில் தீப்பிடித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மலையின் ஒரு பக்கத்தில் புகை எழும்பி நின்றது. உனக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். நீ காலையில் போகும்போது தீப்பாதை வெட்டுகிற வேலை என்று சொல்லியிருந்தாய். கடையை அப்படியே போட்டுவிட்டு, போகிற ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். வழியெல்லாம் அண்ணாமலையாரைத் திட்டிக்கொண்டே போனேன். கொட்டகைக்கு எதிரே ஆட்டோ நின்றபோது பிள்ளைகள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேலே முழுக்கை ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு அம்மா அடிவாரத்தில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீ கடைசியாக வந்தாய். முகமெல்லாம் கரி. நேராக அவரிடம் போய், "அம்மா, எல்லாரும் எறங்கிட்டோம்மா" என்றாய். அவர் கேனைத் தூக்கி உன் தலையில் தண்ணீர் ஊற்றினார். நீ கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து காட்டிக்கொண்டு நின்றாய்.

நான் கூப்பிட்டால் உனக்குக் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை. உன்னைக் கட்டிப்பிடித்து அழத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் அந்த நேரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியிருந்தால், வேண்டாத விருந்தாளி மாதிரி இருந்திருப்பேன் என்று பட்டது. ஆட்டோக்காரத் தம்பி, "என்னாக்கா, புள்ளயப் பாக்காமலே போறீங்க?" என்றான். "பாத்துட்டேன். வண்டியத் திருப்பு" என்றேன். சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்ததும், "ஏன்டா முடியெல்லாம் கருகின வாசனை வருது?" என்று கேட்டேன். "வெயிலும்மா" என்றாய். சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நீ படித்து முடித்தாய், அதே மாதிரி வேலைக்கே போனாய். போகிற இடத்தில் உனக்கு நல்ல பெயர் என்று நந்தினியின் அப்பா சொல்லி எனக்குத் தெரிந்தது. போன வருஷம் உங்கள் ஆபீஸில் எடுத்த வீடியோவை நீ அனுப்பினாய். கடையில் வந்திருந்தவர்களைக்கூட நிறுத்தி, "எம் பையன், பாருங்க" என்று காட்டினேன். அதில் நீ நன்றாகப் பேசினாய், சட்டையும் நன்றாக இருந்தது. கடைசியில், "மண்ணைத் தொட எனக்கு முதல்முதலில் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று ஆரம்பித்தாய். நான் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டேன். நீ ஜெயந்தியம்மா பெயரைச் சொன்னாய். தினேஷ், பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்னாலேயே நீ என் மடிப்பக்கத்தில் உட்கார்ந்து செம்மண்ணும் சாணி எருவும் கலந்து பையில் ரொப்பினாய். ரொப்பினதில் பாதியை வாயில் போட்டுக்கொள்வாய், நான் விரலை விட்டுத் தோண்டி எடுப்பேன். செடி வாங்க வந்த அம்மா, "நல்லாப் பேசறாரு உங்க பையன்" என்றார். "ஆமாங்க" என்று சொல்லி போனை அணைத்தேன்.

இப்போது கல்யாணம். "கோயிலுக்கு வச்சதும் அடுத்த பத்திரிகை அம்மாவுக்கும்மா. எனக்கு லீவு இல்ல, நீயே நேர்ல போய் வச்சுடு" என்றாய். கோயிலுக்கு அடுத்தது உன் தாய்மாமனுக்கு. அதுதான் முறை. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அண்ணனுக்காகப் பேசுகிறேனா, எனக்காகப் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைக்கு அடுத்தபடியாக இருக்கிற நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் குங்குமம், பத்திரிகை. இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று ஆட்டோ கண்ணாடியில் பார்த்து நானே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியும்.

ஜெயந்தியம்மா கொட்டகையில் தரையில் உட்கார்ந்து இந்த வருஷத்துப் பிள்ளைகளோடு மண் சலித்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா. கன்னு வேணுமா?" என்றார், மதுரைப் பக்கத்துப் பேச்சில்.

"இல்லைங்க. பத்திரிகை வைக்க வந்தேன். நான் தினேஷோட அம்மா."

"எந்த தினேஷும்மா?"

நான் எதையும் மறைக்கப்போவதில்லை. அதைக் கேட்ட அந்த ஒரு நிமிஷம், வெயிலில் நடந்து வந்தவள் கையில் யாரோ மோர் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துப் புழுங்கினேனே, இவருக்கு உன் பெயர்கூடத் தெரியவில்லை! ஆனால் அந்தச் சுகம் நிற்கவில்லை. அடுத்த மூச்சிலேயே கோபம் வந்துவிட்டது. எந்த தினேஷா? என் பிள்ளை பொங்கலுக்குப் பொங்கல் உங்களுக்கு வாழ்த்து அனுப்புகிறான், கும்பிடுகிற கைப் படத்தைத் திருப்பி அனுப்புகிறீர்களே, யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்க்க மாட்டீர்களா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"உங்ககிட்ட இன்டர்ன்ஷிப் பண்ணான். பாட்டனி படிச்சான். ஒயரமா, மாநிறமா இருப்பான்."

"எல்லாரும் பாட்டனிதாம்மா. வருசா வருசம் வர்றாக. மொகம் இருக்கு, பேரு நிக்க மாட்டேங்குது. தப்பா நெனச்சுக்கிறாதீங்க."

"தீ புடிச்ச வருஷம் இருந்தான். கடைசியா எறங்கி வந்து, எல்லாரும் எறங்கிட்டோம்னு உங்ககிட்ட சொன்னான். நீங்க தலையில தண்ணி ஊத்தனீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவன்தான் சொன்னான்" என்றேன்.

அவர் மலையைப் பார்த்தபடி யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "பாட்டுப் பாடுவானே, அந்தப் பையனா? ஏத்தத்துல தண்ணிக் கேனத் தூக்கிட்டு எல்லாரும் மூச்சு வாங்கி உக்காந்துருவாக. இவன் மட்டும் பாடிக்கிட்டே மேல போவான். நல்ல கொரலும்மா."

"இல்லைங்க. என் பையன் பாட மாட்டான்."

"அப்படியா? அந்த வருசந்தானே..."

"அது வேற யாராச்சும் இருக்கும்ங்க" என்றேன், அடித்துச் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாதா? நீ குளிக்கும்போதுகூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை. போனை எடுத்து உன் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். "இவனாத்தான் இருக்கணும்" என்றார். எனக்காகச் சொன்ன மாதிரி இருந்தது. அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை, தினேஷ். கல்யாணத் தரகர் மாதிரி உன் பெருமையை அவிழ்த்துக் கொட்டினேன். அவன் இன்றைக்கும் உங்களைத்தான் சொல்கிறான், வீடியோவில் உங்கள் பெயரைச் சொன்னான், வேப்பங்கொட்டை விஷயம் நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்கிறான். எந்தப் பேச்சைக் கேட்டு என் வயிறு எரிந்ததோ, அதையெல்லாம் என் வாயாலேயே அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். எப்படியாவது உன்னை அவருக்கு ஞாபகம் வர வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் பிள்ளையை ஒருத்தர் மறப்பதா என்று.

அவர் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கட்டாயம் வர்றேன்மா" என்றார். பிறகு, "அந்த வருசத்துப் புள்ளைங்க நட்டதக் காட்டுறேன், வாங்க" என்று கூட்டிப்போனார். அந்த நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் சரிவில் ஏறினேன். நீங்கள் அடுக்கிய கல் வரப்பு இருக்கிறது. அதற்கு மேல் பக்கம் மண் கெட்டியாகச் சேர்ந்து, புல் முளைத்திருக்கிறது. மரங்கள் என் தலைக்கு மேலே போய்விட்டன. எந்த மரம் எந்த மழைக்கு வைத்தது, எது எந்தக் கோடையில் பட்டுப்போய் மறுபடி துளிர்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மரங்களை அவர் மறக்கவே இல்லை. பாதி வழியில் ஒரு பெண் கீழேயிருந்து, "அம்மா, இந்த மண்ணு போதுமாம்மா?" என்று கூவினாள். "போதும்மா" என்று இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது என்று அவர் நினைத்திருப்பார். நான் இத்தனை வருஷமாக எவ்வளவோ செடி வளர்த்திருக்கிறேன். எல்லாம் யாரோ ஒருத்தர் ஸ்கூட்டரில், கால் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு போய்விடும். பிழைத்ததா, காய்ந்ததா என்று யாரும் வந்து சொன்னதில்லை. என் கையால் வளர்த்த ஒன்று இந்த உயரத்துக்கு நிற்பதை நான் பார்த்ததே இல்லை. நீ ஏன் இவர் பின்னால் போனாய் என்று அந்தச் சரிவில் நின்றபோது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் பொறாமை கம்மியாகிவிட்டது என்று நினைக்காதே. இன்னும் ஜாஸ்தியாகத்தான் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம், "அந்த அம்மாவுக்கு இவன் யாருன்னே தெரியலங்க. வேற எவனோ பாட்டுக்காரப் பையன்னு நெனச்சிக்கினாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீ ஏன் இவ்ளோ சந்தோஷப்படற?" என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அப்போதுதான் உன் போன் வந்தது. நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இன்று காலை நந்தினி ரவிக்கைத் துணி விஷயமாகப் பேசினாள். நான் பைப்பைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே பேசினேன். உன்னோடு அதே மலையில் பயிற்சி எடுத்தவள்தானே என்று, இந்தக் கதையை அவளிடமும் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை" என்றாள். "அவருதான் பாடுவாரு."

"யாரு?"

"இவருதான் அத்தை, தினேஷ். எங்க பேட்ச்ல வேற யாரும் பாட மாட்டாங்க. ஏத்தத்துல எங்களால முடியலன்னா, 'பாட்டுக்காரன் எங்கப்பா?'ன்னு அம்மாதான் கேப்பாங்க. நான் அவரு மொகத்த சரியாப் பாக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கொரலத்தான் கேட்டேன்." தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியாதா, அத்தை?"

"ஓ, அதுவா. தெரியும், தெரியும்" என்றேன். பைப் ஒரே தொட்டியில் ஓடி, மண்ணெல்லாம் கரைந்து என் காலில் வழிந்துகொண்டிருந்தது.

ஆக, உன் பெயர் தெரியாதவர் உன்னைச் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். பெயர் வைத்த நான்தான் "என் பையன் பாட மாட்டான்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சாதித்துவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு எந்தக் காய் பிடிக்காது, எந்தக் காதில் சின்ன வயதில் சீழ் வந்தது, தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்புவாய், எல்லாம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் வைத்துக்கொண்டு உன்னை முழுசாகத் தெரியும் என்று இருந்துவிட்டேன். வீட்டில் உன்னை யாரும் பாடாதே என்று சொன்னதில்லை. பாடு என்று சொன்னதும் இல்லை. வாசலில் லாரி, கடையில் ஜனம், உள்ளே டி.வி. நீ எங்கே பாடுவாய்? மலைக்குப் போய்ப் பாடியிருக்கிறாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இதை உனக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கோடையில் உன்னிடமும் காலேஜ் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள், நீதான் பொறுப்பு என்று சொன்னாய். அவர்களும் உன் பின்னால் சுற்றுவார்கள். வீட்டுக்குப் போய், "சார் சொன்னாரு, அண்ணன் சொன்னாரு" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ரசம் ஊற்றுகிற ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பாள். அவளுக்காக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மலையில் தீ விழுந்தாலோ, யாராவது வழுக்கி விழுந்தாலோ, கீழே இறங்கியதும் உன்னிடம் வந்து சொல்லட்டும், அது சரிதான். உடனே அவர்கள் கையில் போனைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொல். எந்த அம்மா எந்த ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. பிள்ளைகளின் பெயரை நீ மறக்கலாம். வருஷம் போனால் யாருக்கும் மறக்கும், ஜெயந்தியம்மாவை நான் இப்போது குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் உன்னிடம் காட்டுகிற ஏதாவது ஒன்றை, பாட்டோ, படம் வரைவதோ, கேலி பேசுவதோ, அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தால் சொல்லிவிடு. உனக்குச் சாதாரணமாகத் தெரியும். கேட்கிறவளுக்கு அப்படி இருக்காது.

அவர் உன் பெயரை மறந்தது உனக்கு வருத்தமாக இருக்கும். எழுதும்போது எனக்கே கை நின்று நின்று போகிறது. உள்ளே ஒரு ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டேன், திட்டினால் திட்டிக்கொள். கல்யாணத்துக்கு அவர் வருவார். நான் வாசலில் நின்று வரவேற்று, முன்வரிசையில் உட்கார வைத்து, "நீங்க சொன்னதுதாங்க சரி, அது என் பையன்தான்" என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். நீ லீவில் வருகிற அன்றைக்கு, கடையை நான் சீக்கிரம் சாத்திவிடுகிறேன். கல்யாண வேலையெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் நிழல்வலைக்குக் கீழே வந்து உட்கார். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, மலையில் பாடினதையே பாடு. கூச்சமாக இருந்தால் நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே. அவர் கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மா